கேட்காமலே தட்டிய கை

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "மேடம், லாக்டவுன்ல நீங்க எடுத்த எழுத்து வீடியோ எல்லாம் சூப்பரா இருக்குமாமே. அனுப்புங்களேன், இப்ப நம்ம கிளாஸ்ல பெரிய டிவி மாட்டியிருக்காங்க, போட்டுக் காட்டறோம்" என்றாள். அனுப்ப மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுண்டிப் போயிருக்கும். ஏன் என்று கேட்கக்கூடத் தயங்கி, "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

நான் கோபக்காரி என்று உங்களுக்கு முன்பே யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் அந்தப் பெண் மேல் வந்தது அல்ல. எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நெய்வேலியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். மற்ற தப்புகளையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியாகிவிட்டது. இதை மட்டும் பாதியாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது பூசி மெழுகாமல் முழுசாகச் சொல்கிறேன்.

ஊரடங்கு வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். என் கணவர் இறந்து அப்போது ஒன்றரை வருடம். மகன் வெளிநாட்டில். விமானம் ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். குவார்ட்டர்ஸில் நான் ஒருத்திதான். காலையில் பால்காரர் கேட்டுக்கு வெளியே நின்று "அம்மா, பால்" என்பார். அடுத்த நாள் அவர் மறுபடி வந்து "அம்மா" என்கிற வரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். நாள் முழுக்கப் பிள்ளைகள் சத்தத்தில் இருந்து பழகிய காதுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில நாள் நானே "என்ன சமைக்கலாம்?" என்று சத்தமாகக் கேட்டுக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, தினம் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னார். எனக்குப் போனில் பேசத் தெரியும், அவ்வளவுதான். முதல் வீடியோவில் இருபது நிமிடம் பாடம் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் என் கட்டைவிரலைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்புறம் ஒரு வழியாக அரிசி டின்னில் போனைச் சாய்த்து, வழுக்காமல் இருக்கத் துணி க்ளிப் மாட்டி, மின்விசிறி இரைச்சல் விழக்கூடாது என்று அதை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க எடுத்தேன். நன்றாகத்தான் வந்தது.

எப்படி எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. எழுத்து அட்டையைப் பிடிப்பேன். விரலால் தொட்டு, வாயை நன்றாகத் திறந்து மூன்று தடவை சொல்வேன். அப்புறம் "இப்போ நீ சொல்லு கண்ணு" என்று தலையைச் சாய்த்துக் கேட்பேன். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். எண்ணி முடித்ததும் "அப்படித்தான்! சபாஷ்!" என்று இரண்டு தட்டு தட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். வகுப்பில் செய்கிற மாதிரியே இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அந்த மூன்று எண்ணுகிற நேரத்தில் வீடு அப்படியொரு அமைதியாக இருக்கும். எங்கேயோ ஷிப்ட் பஸ் கியர் மாற்றுகிற சத்தம் மட்டும் வரும். அந்த அமைதியில் என் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவதாக நானே கற்பனை செய்துகொள்வேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டே மாதத்தில் அது பாடம் எடுக்கிற வேலையாக இல்லாமல் எனக்குத் துணையாகிவிட்டது. எடுத்ததை எடுத்துப் போட்டு நானே பார்ப்பேன். நான் கேட்பேன், யாரோ பதில் சொன்ன மாதிரி நானே கைதட்டுவேன். மத்தியானச் சாப்பாடு அப்படித்தான் இறங்கும்.

பெற்றோர்கள் குரூப்பில் ஆஹா ஓஹோ என்றார்கள். டவுன்ஷிப்பில் வேறு பிளாக்கில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதம் ஒரு தரம் பயிற்சித்தாள் வாங்கப் பெற்றோர்கள் பள்ளிக்கூட கேட்டுக்கு வருவார்கள். செல்வி என்று ஒரு பெண் வருவாள். கணவர் முருகவேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்து, டவுன்ஷிப்புக்கு வெளியே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். ஒரே பெண், பெயர் பவித்ரா, எல்.கே.ஜி.யில் என் பிள்ளை. பள்ளி பூட்டிய வருடத்தில் சேர்ந்தவள் ஆதலால் நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை.

"பாப்பா வீடியோ பாக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"ஐய, அத ஏன் கேக்கறீங்க டீச்சர்! அவங்க அப்பாரு நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து படுத்தாருன்னா போதும், அவரு போன எடுத்துகினு மூலையில குந்திக்கும். ஒண்ணு உடாம பாக்கும்ங்க. நீங்க கைதட்டுனா அதுவும் தட்டுது. உங்கள அம்மாம் புடிச்சிப் போச்சிங்க அதுக்கு."

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நைட் ஷிப்ட், படுத்துத் தூங்குகிற அப்பா, அவருடைய போன், மூலை, எதையும் மறைக்கவில்லை. என் காதில் விழுந்தது 'ஒண்ணு உடாம பாக்கும்' என்பதும் 'புடிச்சிப் போச்சி' என்பதும்தான். அன்று வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு வீடியோ கூடுதலாக எடுத்தேன்.

பள்ளி திறந்தபோது பவித்ரா யு.கே.ஜி.க்கு வந்தாள். அதுவும் என் வகுப்புதான். திறந்த வாரம் பெற்றோர்கள் சிலர் வகுப்பு வாசலில் நின்றிருந்தார்கள், தலைமை ஆசிரியையும் வந்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பவித்ராவை முதலில் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். என் வீடியோவில் ஒன்று விடாமல் படித்த பிள்ளை, பாருங்கள் எல்லோரும் என்கிற பெருமை.

'அ' அட்டையைக் காட்டினேன். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, ஒரு சைஸ் பெரிய சீருடை. அட்டையைப் பார்த்தாள். வாயை அழகாகத் திறந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. மூடினாள். தலையைச் சாய்த்தாள். கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டுத் தட்டி, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிச் சிரித்தாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாசலில் நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். அடுத்த அட்டைக்கும் அதே வாய், அதே சாய்ப்பு, அதே கைதட்டல். தலைமை ஆசிரியை புருவத்தைத் தூக்கினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனூண்டு பிள்ளை, இத்தனை பேர் முன்னால் என்னைப் போலவே செய்து காட்டிக் கிண்டல் பண்ணுகிறது என்று நினைத்தேன்.

"என்ன விளையாட்டு இது? வாயத் திறந்து சொல்லு!" என்று அதட்டினேன்.

வாய் திறந்துதான் இருந்தது. அதில் குரல்தான் இல்லை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற நிதானம் எனக்கு அப்போது இல்லை. பவித்ரா என் முகத்தையே பார்த்தாள். யாரோ தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. தூக்கிய கட்டைவிரலை மெதுவாக மடக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அட்டையைக் கண்டால் உதட்டைக்கூட அசைக்க மாட்டாள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போகணும் என்பதை மட்டும் சின்னக் குரலில் கேட்பாள். எழுத்து என்றால் சுவர்தான். நானும் கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், வெளியே நிற்க வைத்தும் பார்த்தேன். ஆமாம், நிற்க வைத்தேன். ஒன்றாம் வகுப்புக்கு யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் எடுக்கிற நேரம் வந்தது.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியலையே. திரும்ப எல்.கே.ஜி.ல உக்காரட்டும். கடலூருக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. நீங்க ரிப்போர்ட் எழுதிடுங்க டீச்சர்" என்றார் தலைமை ஆசிரியை. எழுதினேன். 'எழுத்து அறிமுகம் இல்லை. கற்றலில் குறைபாடு இருக்கலாம்.' கீழே கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதட்டியது கோபத்தில் செய்தது. கையெழுத்து நிதானமாக உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தது.

விஷயம் காதுக்குப் போனதும் முருகவேல் போனில் பேசினார். "மூணு வயசுப் புள்ளைங்களோட எம்பொண்ண குந்த வைக்காதீங்க டீச்சர். அப்படித்தான்னா படிப்பே வேணாம், ஊருக்கு அனுப்பிடறேன்." பவித்ரா இரண்டு நாளாகப் பள்ளிக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்து வேண்டும். புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளை முடிந்து, அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நானே போனேன்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளேயிருந்து செல்வி ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தாள். "அவரு தூங்கறாருங்க" என்றாள், காற்றாக.

ஒற்றை அறை. தரையில் பாய் போட்டு முருகவேல் படுத்திருந்தார், கண்மேல் துண்டு. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் பவித்ரா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முட்டிமேல் போன். போனில் நான்.

சத்தம் இல்லை. முழுசாக அணைத்து வைத்திருந்தது. சின்னக் கண்ணாடிக்குள் ஒரு பொம்பளை அட்டையைத் தூக்குகிறாள், வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், தலையைச் சாய்க்கிறாள். பவித்ரா வாயைத் திறந்து மூடினாள். உடனே அந்தப் பொம்பளை கைதட்டிக் கட்டைவிரலைக் காட்டினாள். பவித்ரா முகம் மலர்ந்து, சத்தம் வராமல் விரல் நுனிகளால் தட்டிக்கொண்டாள். அடுத்த எழுத்து. அவள் என்ன சொன்னாளோ, சொன்னாளா இல்லையா, அந்தப் பொம்பளை மறுபடியும் தட்டினாள். ஒன்றரை வருடம் இது நடந்திருக்கிறது.

அடி ஆத்தி, இந்தப் பொம்பளை யாரைப் பார்த்துத் தட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது பவித்ரா நிமிர்ந்து வாசலில் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் போனைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த டீச்சரை இந்த டீச்சரிடமிருந்து மறைத்தாள். அந்த டீச்சர் ஒரு தடவைகூட அதட்டியது இல்லையே.

செல்வியை வெளியே கூப்பிட்டு, "எப்பவும் இப்படித்தான் பாக்குமா?" என்று கேட்டேன்.

"எப்பவும்தாங்க. இருக்கறது அவரு போன் ஒண்ணுதான், வேலைக்கு எடுத்துகினு போயிடுவாரு. தூங்கறப்பதான் பாப்பா கைக்கு வரும். சவுண்டு வெச்சா முழிச்சிக்குவாரு, அப்பறம் தூக்கம் வராது. ராத்திரி மெஷினாண்ட நிக்கணும், கண்ணு சொக்கினா உசுருக்கே ஆபத்துங்க. காதுல மாட்டறது ஒண்ணு வாங்கித் தந்தோம். மாட்டமாட்டேன்னு புடுங்கிப் போட்டுடுச்சி."

இது தெரியாதவளா நான்? இருபத்தாறு வருடம் ஷிப்ட்காரர் மனைவி. எங்கள் வரிசையில் கேட்டில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம், யாரும் பெல் அடிக்க மாட்டோம். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் குக்கர் வைக்க மாட்டேன். என் மகன் நடை பழகும்போதே குதிகாலைத் தூக்கி நடக்கப் பழகினான். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் 'அப்பா தூங்கறார்' என்ற ஒரு சொல்லிலேயே வளர்ந்தவர்கள். என் வீட்டில் தூங்க ஒருத்தர் இல்லாமல் போன பிறகு, மற்ற வீடுகளில் ஆள் தூங்குவார்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியையின் மேசையில் வைத்தேன். "மேடம், இந்த ரிப்போர்ட் தப்பு. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. படிக்கிறதுன்னா சத்தம் போடாம வாய அசைக்கிறதுன்னு நான்தான் அதுக்குக் கத்துக் குடுத்திருக்கேன். அது என்ன சொல்லுதுன்னு கேக்காமலே எல்லாத்துக்கும் சரின்னு தட்டியிருக்கேன்" என்றேன்.

அவருக்கு எரிச்சல். "என்ன டீச்சர் நீங்க? அந்த வீடியோவத்தான் எல்லா கிளாஸுக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். இப்ப போய்த் தப்புங்கறீங்க. ஒரு பொண்ணுக்காக!"

"குடுக்காதீங்க மேடம். எத்தனை வீட்ல எத்தனை பிள்ளை என்ன சொல்லிச்சோ, எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் தட்டியிருக்கேன்."

கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "பத்து நாள் தரேன். அதுக்குள்ள பத்து எழுத்தாவது அந்தப் பொண்ணு என் முன்னாடி சொல்லணும். இல்லன்னா இந்தத் தாள்தான்" என்றார்.

பத்து நாள் என்றதும் கை பரபரத்தது. பிள்ளையை உட்கார வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உருப்போட வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவசரம் வரும்போது நமக்கெல்லாம் அதுதான் தோன்றும். நல்லவேளை, செல்வி மறுபடி பள்ளிக்குக் கொண்டுவந்து விட்ட பவித்ரா என்னைக் கண்டாலே மேசைக்கடியில் போய்விட்டாள். உருப்போட வைக்க ஆள் வேண்டுமே.

வீட்டில் உட்கார்ந்து என் வீடியோவை நானும் சத்தத்தை அணைத்துப் பார்த்தேன். 'ம'வுக்கும் 'ப'வுக்கும் உதடு ஒன்றேதான். சத்தம் இல்லாவிட்டால் எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை தன் மனசுக்குள் என்னென்ன பெயர் வைத்திருந்ததோ.

மறுநாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, செல்வியிடம் சொல்லிப் பவித்ராவை அரை மணி நேரம் இருக்க வைத்தேன். நான் உள்ளே போகவில்லை. வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்துக்குள் முகம் தெரிகிற மாதிரி அட்டையைப் பிடித்து, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தேன். தலையைச் சாய்த்தேன். மேசைக்கடியிலிருந்து இரண்டு கண் பார்த்தது. அன்று அவ்வளவுதான். இரண்டாம் நாள் வெளியே வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவளும் வாயை அசைத்தாள். வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டீச்சருக்கு மூளை குழம்பிவிட்டது என்று ஆயாம்மா வெளிப்படையாகவே சொன்னார்.

ஐந்தாம் நாள் கதவு வழியாக உள்ளே போய்த் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். பவித்ரா ஓடவில்லை. அவள் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டேன். 'ம' அட்டையைக் காட்டி, "ம்ம்ம்" என்றேன். விரலுக்கடியில் அதிர்ந்திருக்கும். கண்ணை அகல விரித்தாள். 'ப' அட்டையை எடுத்துச் சொன்னேன். அது வேறு மாதிரி. மறுபடி 'ம' அட்டையை அவளே எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். நான் சொன்னேன். அப்புறம் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

வாயை மூடினாள், சொல்லப் போனாள். சட்டென்று நிறுத்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சுகளுக்குப் பின்னால், கதவு மூலையில் எல்லாம் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"இங்க யாரும் தூங்கல கண்ணு" என்றேன்.

அப்புறம்தான் "ம்ம்ம்" என்றாள்.

எனக்குக் கை தானாக எழும்பியது, தட்டுவதற்கு. தட்டவில்லை. அடக்கிக்கொண்டேன். "இன்னொரு தரம் சொல்லு, சரியா கேக்கல" என்றேன். பொய்தான், நன்றாகவே கேட்டது. ஆனால் அவள் இன்னொரு தரம் சொன்னாள், இந்த முறை பலமாக.

பத்தாம் நாள் தலைமை ஆசிரியை முன்னால் பதினெட்டு அட்டை காட்டினேன். பதினொன்று சரி. ஏழு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் "அது இல்ல, மறுபடி பாரு" என்றேன், அவளும் மறுபடி பார்த்தாள். ஒன்றுக்கும் சுருங்கவில்லை. தலைமை ஆசிரியை அந்தத் தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். நல்லது செய்தால் நல்லது என்று சொல்ல வேண்டும், அவரும் வீடியோக்களை யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த நாள் காலை முருகவேல் ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தார். ஹெல்மெட் கையில், முகமெல்லாம் கரி. "நான் தூங்கினதாலதான் பாப்பா இப்படி ஆச்சா டீச்சர்?" என்றார்.

"ராத்திரி முழிச்சவங்க பகல்ல தூங்கத்தான் செய்யணும். உங்க தூக்கத்துல ஒரு தப்பும் இல்ல. நீங்க தூங்கறீங்கன்னு உங்க வீட்டம்மா எங்கிட்ட சொன்னாங்க. கேட்டுக்கிட்டு யோசிக்காம இருந்தவ நான்தான். என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். பெரிய மனுஷி, டீச்சர், மன்னிப்பு கேட்டதும் அவர் கூசிப்போனார். "ஐயோ, என்னாங்க டீச்சர் நீங்க" என்று ஹெல்மெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது உங்களுக்கு. டிவி போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல படம், நல்ல குரல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் போட்டுவிட்டு நீங்களும் டிவியைப் பார்த்து உட்காராதீர்கள். பிள்ளைகளைப் பார்த்து உட்காருங்கள். வீட்டுக்கு அனுப்புகிற வீடியோ என்றால், அந்த வீட்டில் போன் யாருடையது, எப்போது வீட்டில் இருக்கும், அப்போது யார் தூங்குவார்கள் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். வீடியோவில் பாராட்டு வைக்காதீர்கள். காதில் விழாத பதிலைப் பாராட்டினால் அது பிள்ளைக்காகச் செய்கிற காரியம் அல்ல. எனக்கு அன்று ஒரு துணை வேண்டியிருந்தது, அதற்காகத் தட்டிக்கொண்டேன். உங்களில் யாரும் தனியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. இருந்தால் அக்கம்பக்கத்தில் பேசுங்கள், தோழிக்குப் போன் போடுங்கள். பிள்ளைகள் பாடத்துக்குள் அதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

அந்த வருடக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், குள்ளஞ்சாவடியில் வீடு பார்த்தாகிவிட்டது. சாமான் கட்டும்போது சின்னக் கதைப் புத்தகங்கள் கொஞ்சம் கிடைத்தன. பவித்ராவுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

"நைட் ஷிப்டா?" என்று சைகையில் கேட்டேன்.

"ஆமாங்க. ஆனா இப்பல்லாம் பத்து நிமிசம் பாப்பா படிக்கறதக் கேட்டாத்தான் தூங்குவாரு" என்றாள்.

உள்ளே பாயில் முருகவேல் படுத்திருந்தார், கண்மேல் துண்டு. பவித்ரா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தடுமாறி ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, திருத்துவதற்கு. அதற்குள் துண்டுக்கடியிலிருந்து தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

"அது இல்ல பாப்பா. நேத்து வேற மாரி படிச்சியே. மறுக்கா சொல்லு."

பவித்ரா பின்னால் போய் விரலை வைத்து, மறுபடியும் சொன்னாள். இந்த முறை சரியாக வந்தது. கண்ணைத் திறக்காமலே அவர் "ம்" என்றார்.

புத்தகங்களைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு நான் உள்ளே போகாமலே திரும்பினேன். நிழலாகப் பார்த்து நடந்தேன். வழியில் என் கணவர் ஞாபகம் வந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது, தூங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து "அது சரியில்ல, திருப்பிச் சொல்லு" என்பார். எனக்கு அப்போது எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து, கட்டி வைத்த சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர் ஒரு தடவை அப்படிச் சொல்ல மாட்டாரா என்று வெகு நேரம் அழுதேன்.